மந்தை நோய் அடங்கும் கணக்கு

ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கிளியூரில் அருவியாக விழுகிறது. மழைக்காலத்தில் அருவி பார்க்க வருகிறவர்கள் காப்பிச் செடிகளையும் சில்வர் ஓக் மரங்களையும் பார்த்துவிட்டுப் போவார்கள். மாடுகள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஆனால் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் கிராமங்களில் உழவுக்கும் எருவுக்கும் பாலுக்கும் மாடு வேண்டியிருக்கிறது. சந்தையில் பிடித்த மாட்டை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுவர முக்கியமான பாதைகள் இரண்டு: சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருவது ஒன்று, குப்பனூர் வழி இன்னொன்று. கால்நடைக் கொள்ளைநோய்க்குக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட இடம் பிடிக்கும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் இங்கே எண்ணிவிட முடியும். கீழே சமவெளியில் அது நடக்காது.

இந்த மலைக்குக் கோமாரி ஏறியது, ஆறு வாரத்தில் அடங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஏன் அடங்கியது? வரவேண்டிய மாடுகளுக்கெல்லாம் வந்து தீர்ந்திருக்கலாம். தடுப்பூசி வேலை செய்திருக்கலாம். பருவம் மாறியிருக்கலாம். அல்லது நோய் இருந்துகொண்டே இருக்க, அதைக் கால்நடை மருந்தகத்தில் போய்ச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருக்கலாம். நான்கில் எது நடந்தாலும் வாரவாரியாக எண்ணி வரைந்தால் ஏறி இறங்கும் ஒரே மாதிரிக் கோடுதான் கிடைக்கும். நூற்றறுபது ஆண்டுகளாக இந்தத் துறையில் நடந்த சண்டைகளில் பாதி, இந்த நான்கில் எது என்று தெரியாமல் போட்ட சண்டைதான்.

முதல் சண்டை 1866-இல் லண்டனில் நடந்தது. ரிண்டர்பெஸ்ட் என்னும் வெக்கை நோய் பிரிட்டனின் மாடுகளை வாரிக்கொண்டு போன காலம் அது. இறைச்சிக்கே பஞ்சம் வரும் என்று நாடாளுமன்றத்தில் ராபர்ட் லோ எச்சரித்துக்கொண்டிருந்தார். பிறப்பு இறப்புப் பதிவகத்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் அந்தப் பிப்ரவரியில் 'டெய்லி நியூஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் கையில் இருந்தவை நான்கே எண்கள், நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொகுத்த நோயுற்ற மாடுகளின் எண்ணிக்கை: 9,597, 18,817, 33,835, 47,191. பார்த்தவர்கள் எல்லாரும் இது ஏறிக்கொண்டே போகிறது என்று பயந்தார்கள். ஃபார் வகுத்துப் பார்த்தார். முதல் தாவலில் 1.96 மடங்கு, அடுத்ததில் 1.80, அதற்கடுத்ததில் 1.39. ஏறுகிறது, ஆனால் ஏறும் வேகம் குறைகிறது. அந்த மடங்குகளை ஒன்றால் ஒன்று வகுத்தால் 0.92, 0.78. அவற்றையும் வகுத்தால் 0.85. இந்தக் கடைசி எண் மாறாது என்று வைத்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார்: அடுத்து 43,182, பிறகு 21,927, 5,226, 494, ஜூன் நடுவில் வெறும் 16. யார் வேண்டுமானாலும் ஒரு காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். கடைசி ஓரிரு இலக்கங்கள்தான் பிசகும்.

நடந்தது என்ன? பிப்ரவரிக் கணக்கு குறையவில்லை, 57 ஆயிரத்தைத் தொட்டது. அதன் பிறகு மார்ச்சில் பாதியாக விழுந்தது. வால் பகுதி ஃபார் சொன்னதைவிட நீளமாக இழுத்தது. ஆனாலும் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே இறங்கும் என்று சொன்னவர் அவர் ஒருவர். சிக்கல் என்னவென்றால், கடிதம் அச்சான அதே நாட்களில், பிப்ரவரி 20 அன்று, நோயுற்ற மாடுகளைக் கட்டாயமாகக் கொல்லும் சட்டம் நிறைவேறியது. கோடு இறங்கியது இயற்கையாகவா, சட்டத்தாலா? ஃபாரிடமும் பதில் இருந்தது: நோயின் நச்சு ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவத் தாவ வீரியம் இழக்கிறது. அந்தப் பதில் தவறு. காரணம் தவறாக இருந்தும் கணிப்பு பாதிக்கு மேல் பலித்தது என்பது இந்தத் துறையின் பிறவிக் குறை.

காரணத்தைச் சரியாகச் சொன்னவர்களில் ஒருவர் இந்தியாவில் வேலை பார்த்தவர். ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தை நடத்தியவர். 1927-இல் கெர்மாக்குடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைக்கும் இந்தத் துறையின் அடித்தளம். நோய் வரக்கூடியவை, நோய் உள்ளவை, நோய் வந்து தீர்ந்தவை என்று கூட்டத்தை மூன்றாகப் பிரி; முதல் இரண்டு பிரிவும் சந்திக்கும் வேகத்தில் நோய் பரவட்டும்; அவ்வளவுதான். அதிலிருந்து வந்த முடிவு யாரும் எதிர்பாராதது. நோய் வரக்கூடிய விலங்குகள் தீர்ந்துபோக வேண்டியதில்லை. ஒரு வரம்புக்குக் கீழே குறைந்தாலே போதும், நோய் அடங்கிவிடும். அடுப்பில் காய்ந்த விறகு இன்னும் மிச்சமிருக்கும். ஆனால் ஈர விறகுக்கு நடுவே தள்ளித்தள்ளிக் கிடப்பதால் தீ தாவாது. ஒரு மாடு சராசரியாக எத்தனை மாட்டுக்குக் கொடுக்கும் என்பதைப் பரவல் எண் என்போம். அது 1.5 என்றால் கூட்டத்தில் சுமார் 58 விழுக்காடு மாடுகளுக்கு வந்து நிற்கும். 2 என்றால் 80. 4 என்றால் 98. தடுப்பூசிக் கணக்கும் இதிலிருந்தே வருகிறது: பரவல் எண் 4 ஆக இருந்தால் நான்கில் மூன்று மாடுகளுக்கு எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும். ஊசி போட்டது என்பது வேறு, எதிர்ப்பாற்றல் வந்தது என்பது வேறு. நூற்றில் 75 மாட்டுக்கு ஊசி போட்டு, அதில் ஐந்தில் நான்குக்கே பலித்தது என்றால், காப்பில் இருப்பவை 60 மட்டுமே.

இந்த அழகான சமன்பாட்டுக்கு அவர்கள் காட்டிய சான்று பம்பாய். 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை அங்கே நடந்த பிளேக் சாவுகள் அவர்களுடைய கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தன. பாடநூல்கள் அந்தப் படத்தை எடுத்து எடுத்து அச்சிட்டன. ஆனால் பம்பாய் பிளேக் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வந்த நோய். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களில் ஏறி அதே மாதங்களில் இறங்கியது. அதாவது கோட்டை இறக்கியதில் பருவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2012-இல் நிக்கோலா பக்காயேர் இதை எடுத்துக்காட்டி, அந்தப் பொருத்தத்துக்கு வேண்டிய எண்கள் நடப்பில் சாத்தியமில்லாதவை என்றார். ஆக, ஃபாருக்குத் தவறான காரணம், ஓரளவு சரியான கணிப்பு. கெர்மாக், மெக்கென்ட்ரிக்குக்குச் சரியான கோட்பாடு, தவறான சான்று. இரண்டு இடத்திலும் கோடு எண்களோடு ஒட்டியது. ஒட்டுவதை வைத்து எதையும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வெக்கை நோய் கடைசியாக இந்தியாவை விட்டுப் போனது நம் ஊர் வழியாகத்தான். சென்னை மாகாணத்திலும் பிற இடங்களிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்ததைத் தொடர்ந்து ஆங்கில அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1871-இல் வந்தது. 1920-களில் முக்தேசுவரில் ஜே. டி. எட்வர்ட்ஸ் வெள்ளாட்டில் வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பூசி வந்தது. ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய நிறுவனம் தென்னகத்துக்கு மருந்து செய்தது. 1954-இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கில் ஊசி போட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் நோய் ஒடுங்கியது. தென்னிந்தியாவில் மட்டும் தொண்ணூறுகள் வரை எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது.

ஏன் என்று பலரும் யோசித்தபோது பழி ஆடுகளின் மேல் விழுந்தது. மாட்டுக்கு ஊசி போட்டுத் தீர்த்தாலும் செம்மறியும் வெள்ளாடும் நோயைச் சுமந்து திரிகின்றன என்று நினைத்தார்கள். கணக்கு அப்படியே என்றால் ஒழிப்பு நடவாத காரியம். 1987-இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் ஆடுகளுக்கு வந்த நோயைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஷைலாவும் உடன் உழைத்தவர்களும் ஆராய்ந்தபோது, அது வெக்கை நோயே அல்ல, அதன் பங்காளியான ஆட்டுக்கொல்லி என்று தெரிந்தது. இந்தியாவில் அந்த நோயை உறுதிசெய்த முதல் இடம் அரசூர். அங்கே எடுத்த கிருமியிலிருந்து பின்னால் ஒரு தடுப்பூசியே வந்தது. எந்தப் புள்ளியியலும் இதைக் கண்டுபிடித்திருக்காது. ஆடுகளில் இருந்தது வேறு நோய் என்று தெரிந்ததும், ஒளிந்திருக்கும் இடம் மாட்டுக் கூட்டத்துக்குள்ளேயேதான் என்பது உறுதியானது. அது சுருங்கவும் செய்தது.

1995-இல் அன்றைய வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் வந்ததே இந்தியாவின் கடைசி வெக்கை நோய். தடுப்பூசி செய்த ராணிப்பேட்டையும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அதன் பிறகு செய்த வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: ஊசி போடுவதை நிறுத்தினார்கள். ஊசி தொடர்ந்தால் எஞ்சிய கிருமி அதன் மறைவில் இருந்துவிடும், இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நிறுத்திவிட்டு ஊர் ஊராகத் தேடினார்கள். இல்லை என்று நிரூபிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் நோய் இருந்தால் அது தப்பாமல் சிக்க, 95 விழுக்காடு உறுதிக்கு, சுமார் 300 மாட்டைச் சோதிக்க வேண்டும். அத்தனையும் சுத்தம் என்றால்தான் மேலே பேசலாம். 2006-இல் இந்தியாவுக்கும் 2011-இல் உலகத்துக்கும் வெக்கை நோய் இல்லை என்ற அறிவிப்பு வந்தது. மனிதருக்கு வந்த பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் இது.

கோமாரி அப்படிப் போகிற நோய் இல்லை. ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகை இங்கே சுற்றுகின்றன. ஒன்றுக்கு வந்த எதிர்ப்பாற்றல் மற்றதற்கு உதவாது. தடுப்பூசியின் காப்பு ஏறக்குறைய ஆறு மாதம். பிறக்கிற ஒவ்வொரு கன்றும் நோய்க்குப் புதிய வாசல். மெக்கென்ட்ரிக்கின் வரம்பைத் தாண்டி மாடுகளைக் காப்பில் வைத்தாலும் அடுத்த ஆறு மாதத்தில் மீண்டும் கீழே வந்து நிற்போம்.

கோமாரிக் கணக்கு உலகச் செய்தியானது 2001-இல் பிரிட்டனில். பிப்ரவரி 20 அன்று நோய் உறுதியானது. 23 அன்று கால்நடை நடமாட்டத்தைத் தடைசெய்தார்கள். அதற்குள் ஹெக்சாம், லாங்டவுன் சந்தைகள் வழியாகச் செம்மறிகள் நோயை நாடு முழுக்க எடுத்துப் போயிருந்தன. மூன்று ஆய்வுக் குழுக்கள் கணித மாதிரிகளோடு வந்தன. நோய் கண்ட பண்ணையில் 24 மணி நேரத்துக்குள்ளும், அதை ஒட்டிய பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள்ளும் கொன்றாலொழிய கட்டுக்குள் வராது என்று மாதிரிகள் சொல்லின. நோய் கண்ட இடங்கள் 2,026. கொன்ற விலங்குகள் அறுபது லட்சத்துக்கு மேல். கோடு இறங்கியது. இறக்கியது யார் என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது. அடுத்த பண்ணைகளையும் கொல்லும் கொள்கை முழுவதும் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே உச்சம் கடந்துவிட்டது, நடமாட்டத் தடையே போதுமானதாக இருந்தது என்று பால் கிட்சிங் போன்ற கால்நடை மருத்துவர்கள் வாதிட்டார்கள். மாதிரிக்காரர்கள் ஒப்பவில்லை.

பத்தாண்டு கழித்து ஒரு தொழுவத்துக்குள் நடந்த சோதனை அந்தச் சண்டையில் புது வெளிச்சம் போட்டது. நோயுற்ற மாட்டை நல்ல மாட்டோடு வெவ்வேறு நாட்களில் சில மணி நேரம் சேர்த்துக் கட்டி, எந்த நாளில் தொற்றுகிறது என்று பார்த்தார்கள். மாடு பிறருக்குத் தொற்றவைக்கும் காலம் சராசரியாக 1.7 நாள்தான், அதுவும் எச்சில் வடிவதும் நொண்டுவதும் தெரிந்து அரை நாளுக்குப் பிறகே தொடங்குகிறது. 2011-இல் இது வெளியானது. 2001-இல் எழுதிய மாதிரிகள் இதைவிட நீண்ட காலத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தன. தொழுவத்தில் நாலு நாள் நின்று பார்த்தால் கிடைக்கும் ஓர் எண் அத்தனை பெரிய முடிவுகளுக்கு அடியில் இருந்தது. அறிகுறி தெரிந்த உடனே தனியே கட்டினால் பெரும்பகுதி நின்றுவிடும் என்பது அதன் பொருள்; கோமாரி கண்ட மாட்டைத் தனியே கட்டு என்று இங்கே பெரியவர்கள் சொல்வதும் அதையே.

பிரிட்டனின் மாதிரிகளை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை தூரத்தை அடிப்படையாகக் கொண்டவை: பண்ணைக்குப் பண்ணை எத்தனை கிலோமீட்டர் என்பதை வைத்து நோய் தாவும் வாய்ப்பைக் குறிப்பவை. நம் மாடு வேலி போட்ட பண்ணையில் இல்லை. அது கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை கைமாறுகிறது. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் லாரி ஏறுகிறது. ஆடு என்றால் கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தை. தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசி முடிக்கிறார்கள். சுங்கச் சீட்டில் தொகை இருக்கும். எந்த ஊர் மாடு எந்த ஊருக்குப் போகிறது என்பது பெரும்பாலும் இருக்காது. பக்கத்து ஊருக்கு நோய் வருவதற்கு முன்னால் நூறு கிலோமீட்டர் தள்ளி வந்துவிடுவது இதனால்தான். காதில் 12 இலக்க வில்லை மாட்டியாகிவிட்டது. ஊசி போடும்போது அந்த எண் பதிவாகிறது. சந்தையில் கைமாறும்போதும் பதிவானால் ஒழிய, நமக்கு வேண்டிய கணக்கை எழுதவே முடியாது.

இங்கேதான் சேர்வராயன் மலை உதவுகிறது. சிறு கூட்டத்தில் நோய் நிலைக்காது. இங்கிலாந்தின் தட்டம்மைக் கணக்குகளை வைத்துப் புள்ளியியலாளர் பார்ட்லெட் 1957-இல் சொன்னது: இரண்டரை, மூன்று லட்சம் மக்களுக்குக் குறைந்த ஊரில் அந்த நோய் இடையிடையே அற்றுப்போகும், மறுபடி வெளியிலிருந்துதான் வரவேண்டும். மலைக் கிராமத்து மாடுகளுக்கும் அதுதான் நிலை. கோமாரி தேறிய மாட்டின் தொண்டையில் கிருமி மாதக்கணக்கில் தங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த மாடு பிறகு நோய் பரப்புமா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மலை நோயை வைத்துக் காப்பதில்லை, ஒவ்வொரு முறையும் கீழிருந்து வாங்கிக்கொள்கிறது.

வாங்குவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தடுப்பூசியால் பரவல் எண் 1.5-க்கு இறங்கியிருக்கும் ஒரு கிராமத்துக்கு நோயுற்ற மாடு ஒன்று வந்தால், எளிய மாதிரிப்படி, மூன்றில் இரண்டு முறை அது பெரிதாகாமல் தானே அணைந்துவிடும். நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் உழவுக்கு முன்னால் அப்படி ஐந்து மாடுகள் தனித்தனியாக வந்தால், ஏதாவது ஒன்று பற்றிக்கொள்ளும் வாய்ப்பு 87 விழுக்காடு. ஊசியின் அளவை இன்னும் கொஞ்சம் கூட்டுவதைவிட, சந்தை மாட்டை ஊர் மந்தையோடு உடனே சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே கட்டுவது இந்த இடத்தில் அதிகம் சாதிக்கும். சமவெளியில் இதைச் சொன்னால் செல்லாது. அங்கே நோயுள்ள மாடு வந்துகொண்டே இருக்கும்.

பூச்சி பரப்பும் நோய்களில் கணக்கே வேறாகிவிடுகிறது. மாட்டின் உடலெங்கும் கழலை கிளம்பும், பெரியம்மை என்றே இங்கே சொல்லப்படும் தோல்கழலை நோய் 2019-இல் ஒடிசாவில் தலைகாட்டி, 2022-இல் குஜராத், ராஜஸ்தான் பக்கம் பேயாட்டம் ஆடியது. அந்த ஆண்டு நாட்டில் ஒன்றரை லட்சம் மாடுகளுக்கு மேல் செத்ததாக அரசே கணக்குச் சொன்னது. இஸ்ரேலில் ஒரு பால் பண்ணையில் செய்த ஆய்வில், மாட்டுக்கு மாடு நேரடியாகத் தொற்றும் பரவல் எண் 0.36, பூச்சி முதலிய வழியில் 15.7 என்று வந்தது. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் நோய் தானே அணைந்துவிடும். இரண்டாவதைப் பார்த்தால் பண்ணையே போய்விடும். செம்மறியின் நீலநாக்கு நோயும் கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சியால் வருவது, மழையோடு வருவது. ஆனால் மழையை மட்டும் பார்த்தால் போதாது: தென்னிந்தியாவில் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை, நிலப்பயன்பாட்டையும் தட்பவெப்பத்தையும்விட அங்கே எந்தெந்தக் கால்நடை கலந்து நிற்கிறது என்பதே நன்றாக விளக்குகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது.

பெங்களூரில் இருக்கும் தேசியக் கால்நடை நோய்ப்பரவல் ஆய்வு நிறுவனம் எந்த மாவட்டத்துக்கு எந்த நோய் வரலாம் என்று இரண்டு மாதம் முன்னதாகவே மாநிலங்களுக்குச் சொல்லிவருகிறது. பழைய நோய்ப் பதிவுகள், மழை, வெப்பம், பசுமை அளவு எல்லாம் சேர்த்துச் செய்யும் கணிப்பு. மதிப்புள்ள வேலைதான். ஆனால் அதன் பாடப் புத்தகம் பதிவான நோய்கள். ஒழுங்காக எழுதி அனுப்பும் மருத்துவர் உள்ள மாவட்டம் நோயாளி போலவும், எழுதாத மாவட்டம் ஆரோக்கியமானது போலவும் அதற்குத் தெரியும். தொடக்கத்தில் சொன்ன நான்காவது காரணம், சொல்ல ஆள் இல்லாமல் கோடு இறங்குவது, இந்தியக் கணக்குகளில் அதிகம் ஒளிந்திருப்பது என்பது என் எண்ணம்.

2019 செப்டம்பரில் 13,343 கோடி ரூபாய்த் திட்டமாகக் கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் எதிரான போர் தொடங்கியது. 2030-க்குள் கோமாரியை ஒழிப்பது இலக்கு. நோய் குறைந்தால் அது ஊசியால்தானா என்று கேட்கவும் ஒரு சோதனை உண்டு. சுத்திகரித்த தடுப்பூசியில் கிருமியின் சில புரதங்கள் இருக்காது. உண்மையான தொற்று வந்த மாட்டின் இரத்தத்தில்தான் அவற்றுக்கு எதிரான பொருள் தோன்றும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் தீர்ந்த கன்றுகளிடம் அது தெரிந்தால், அவை பிறந்த பிறகு கிருமி அந்த ஊரில் நடமாடியிருக்கிறது என்று பொருள். நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருந்தாலும் அதே 95 விழுக்காடு உறுதியோடு பிடித்துவிட வேண்டுமென்றால், லட்சக்கணக்கில் கன்று உள்ள பகுதியில் குலுக்கல் முறையில் 59 கன்றின் இரத்தம் போதும். 60 கன்று மட்டுமே உள்ள ஒரு மலைக் கிராமத்தில் 38 கன்றின் இரத்தம் வேண்டும். காட்டோரம் மேயும் கன்றை வீட்டுக்கு வீடு போய்ப் பிடித்து, பனிப்பெட்டியில் இரத்தத்தை வைத்து, கெடுவதற்கு முன் கீழே இறக்க வேண்டும். சேலத்தில் ஒரு காலைக்குள் முடியும் வேலைக்கு இங்கே பல நாள் பிடிக்கும்; திட்டச் செலவை மாட்டின் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது அந்த நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.